மென்பொருள் அரங்கேற்றம்: வெளியீட்டுக்கு முன்னுள்ள சோதனை முறைகள்

நூலொன்று உலகத்தார் கைக்குச் செல்லுமுன் கற்றோர் அவையிலே அரங்கேறுதல் வேண்டும் என்பது பழந்தமிழர் கொண்ட நியதியாகும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே, அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறிற்று என்பதை அந்நூலின் சிறப்புப் பாயிரம் உரைக்கின்றது. கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தைக் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றப் புகுந்தபோது, காப்புச் செய்யுளின் தொடக்கத்திலுள்ள புணர்ச்சிக்கு விதி யாதென அவையிலிருந்த புலவரொருவர் தடை நிகழ்த்தினார் என்பதும், மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவரொருவர் வீரசோழியத்தில் அதற்குரிய விதியைக் காட்டி அத்தடையை நீக்கினார் என்பதும் மரபாக வழங்கும் வரலாறு. புராண படனம் வழுவாது நிகழும் ஈழத்துக் கோயில்களில் இவ்வரலாற்றைக் கேளாதார் சிலரே.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. ஆக்கியோன் வேறு, ஆராய்வோன் வேறு என்பது ஒன்று. ஆராய்வு ஒருவர்தம் விருப்பு வெறுப்பின் வழிச் செல்லாது, எழுதப்பட்ட விதியொன்றை அளவுகோலாகக் கொண்டு நடத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. ஆராய்வு முற்றுப்பெற்ற பின்னரே நூல் பொதுமக்களிடம் செல்லல் வேண்டும் என்பது மூன்றாவது. இற்றைநாளில் உலகின் பெரும்பகுதியை இயக்கும் மென்பொருள் என்னும் ஆக்கமும் இம்மூன்றையே தன் வெளியீட்டு முறைக்கு அடிப்படையாகக் கொண்டுள்ளது. அம்முறை யாது, அதன் படிகள் எவை, அது தவறியவிடத்து விளைந்த கேடுகள் எவை, தமிழ் எழுதுவோர்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என்பன ஆராயற்பாலன.

விதைநெல் காட்டும் வழி

மென்பொருள் என்பது கணினிக்கு இன்னது செய்க, இன்னவாறு செய்க என்று பணிக்கும் கட்டளைகளின் தொகுதி. கண்ணாற் காணவும் கையால் தொடவும் இயலாத பொருளாதலின், அதன் வெளியீட்டு முறையைக் கண்முன் நிற்கும் ஒன்றைக்கொண்டு விளக்குதல் நலம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருந்தெருவில் அமைந்த விசுவமடு, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர். அங்குள்ள உழவர் ஒருவர் புதிய நெல்லினமொன்றைக் கேள்வியுற்ற அளவில் தம் வயல் முழுவதையும் அதற்கு ஒப்படைப்பதில்லை. ஒரு துண்டிலே விதைத்து, காலபோகத்து மழையை அது தாங்குகின்றதா, கதிர் முற்றும்போது சாய்கின்றதா, பூச்சிக்கும் நோய்க்கும் இடங்கொடுக்கின்றதா என்பவற்றை ஒரு போகம் நோக்குவார். பின்னரே அதனைப் பரவலாக விதைப்பார்.

உழவர் தனியே செய்யும் இச்செயலை இலங்கை விவசாயத் திணைக்களம் நாடளாவிய ஒழுங்காகச் செய்து வருகின்றது. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகும் இனம் பி.ஜி. என்னும் எழுத்துகளையும், அம்பலாந்தோட்டையில் உருவாகும் இனம் ஏ.ரி. என்னும் எழுத்துகளையும் பெயரின் முன்னே தாங்கும். அவற்றை அடுத்து வரும் எண், பயிரின் வயதை உணர்த்தும் வகையில் அமையும். பி.ஜி. 300 மூன்று மாத இனம், பி.ஜி. 352 மூன்றரை மாத இனம். இவ்வினங்கள் முதலில் ஆராய்ச்சி நிலையத்தின் பாத்திகளிலும், பின் வெவ்வேறு மண்ணும் மழையும் உடைய பல நிலையங்களிலும், அதன்பின் உழவர்தம் வயல்களிலும் விளைவித்துப் பார்க்கப்படும். இறுதியிற் குழுவொன்று பெறுபேறுகளை ஆராய்ந்து இசைவளித்தாலன்றி எந்த இனமும் வெளியிடப்படுவதில்லை.

இவ்வாறு இடம்விட்டு இடம் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966 இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் இனம் வியத்தகு விளைச்சலைத் தந்தது. ஆயினும் அதன் அரிசி உண்பார்க்கு உவப்பாய் அமையவில்லை. நோய்களையும் அது போதிய அளவு தாங்கவில்லை. விளைச்சல் என்னும் ஓர் அளவையில் வென்ற பயிர், சுவையென்னும் அளவையிலும் நோயெதிர்ப்பு என்னும் அளவையிலும் பின்தங்கிற்று. எதனைச் சோதிக்கின்றோமோ அதுவே தெரியவரும். சோதியாதது மறைந்தே நிற்கும் என்பது இதனாற் பெறப்படும் உண்மை. மென்பொருட்கும் இஃது ஒக்கும்.

வெளியீட்டின் படிகள்

மென்பொருள் வெளியீட்டின் படிகள் கிரேக்க நெடுங்கணக்கின் முதலிரண்டு எழுத்துகளாகிய அல்பா, பீற்றா என்பவற்றாற் பெயர்பெறும். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1950 களில் தம் பொருள்களை அறிவிப்பதற்கு முன் ஒரு சோதனையும், உற்பத்தி செய்வதற்கு முன் மற்றொரு சோதனையும் நடத்தி, அவற்றை ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்து, இரண்டாம் எழுத்து என்பவற்றாற் குறித்தனர் என்றும், அவ்வழக்கே பின்னர்க் கிரேக்க எழுத்துகளின் பெயரைப் பெற்றது என்றும் கூறுவர்.

அல்பா நிலையில் மென்பொருள் ஆக்கியோர் கூடத்தினுள்ளேயே இருக்கும். அதன் உறுப்புகள் முழுதும் அமைந்திரா. அமைந்தவையும் அடிக்கடி மாறும். ஆராய்ச்சி நிலையத்துப் பாத்தியில் நிற்கும் பயிர் போன்றது அது. பீற்றா நிலையில் உறுப்புகள் யாவும் அமைந்துவிடும். ஆனாற் குறைகள் எஞ்சியிருக்கும். அந்நிலையில் அது வெளியார் சிலரிடம் அல்லது பலரிடம் கொடுக்கப்படும். உழவர் வயலிற் செய்யும் சோதனை இதற்கு நிகர்.

இவ்விரு நிலைகளுக்கும் இடையில் உறைநிலை என்னும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்தபின் புதிய கூறெதனையும் சேர்த்தலாகாது. உள்ள குறைகளைத் திருத்துதல் ஒன்றே செய்யப்படும். வீட்டுக்குச் சாந்து பூசத் தொடங்கியபின் சுவரை இடித்துப் புதிய வாயில் வைப்பாரில்லை. அதுபோலவே இதுவும் என்க. உறைநிலைக்குப் பின் குறைகள் நீங்கிய பதிப்பொன்று வெளியீட்டுக்குத் தகுதிபெற்ற பதிப்பாகக் கொள்ளப்படும். அதிலே பெருங்குறை யாதும் காணப்படாதாயின் அதுவே மாற்றமின்றிப் பொதுவெளியீடாகும். காணப்படின் திருத்தி, அதற்கு அடுத்த எண்ணிட்டு, மீண்டும் சோதிப்பர்.

பீற்றா என்னும் பெயரை நெடுங்காலம் தாங்கி நின்ற மென்பொருளும் உண்டு. கூகிள் நிறுவனத்தின் ஜீமெயில் 2004 ஏப்பிரல் 1 ஆந் திகதி தொடங்கி 2009 யூலை வரை, ஐந்தாண்டுகளுக்கு மேலாக அப்பெயருடனேயே இயங்கியது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒன்றைச் சோதனைப் பதிப்பென்று அழைப்பதாற் சோதனை என்னும் சொல்லின் பொருளே நெகிழ்ந்துவிடுகின்றது. பெயர் யாதாயினும், பிழை நேர்ந்தால் ஏற்படும் இழப்பு யாரைச் சாரும் என்பதைக் கொண்டே ஒரு வெளியீட்டின் உண்மை நிலையை அளத்தல் வேண்டும்.

காலமும் தகுதியும்

எப்போது வெளியிடுவது என்னும் வினாவுக்கு இருவேறு விடைகள் வழங்குகின்றன. குறித்த நாளில் வெளியிடுக, அந்நாளில் ஆயத்தமாகாத கூறுகளை அடுத்த வெளியீட்டுக்கு ஒதுக்குக என்பது ஒரு சாரார் கொள்கை. ஆயத்தமான பின்னரே வெளியிடுக, நாள் குறித்துக் கவலற்க என்பது மற்றொரு சாரார் கொள்கை.

உபுண்டு என்னும் இயங்குதளம் முதற்கொள்கையைப் பின்பற்றுவது. 2004 ஒக்டோபரில் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது முதல், ஆறு மாதத்திற்கு ஒருமுறை, ஏப்பிரலிலும் ஒக்டோபரிலும் புதிய பதிப்பு வெளிவருகின்றது. ஆண்டும் மாதமும் சேர்ந்தே பதிப்பின் எண்ணாகும். முதற்பதிப்பின் எண் 4.10. ஆயினும் 2006 ஏப்பிரலில் வரவேண்டிய பதிப்பு இரு மாதம் தாழ்த்தி யூனிலேயே வந்தது. நெடுங்காலம் பேணப்பட வேண்டிய பதிப்பாதலின் அதனைச் செப்பமிட மேலுங் காலம் வேண்டியிருந்ததே காரணம். இதனால் அப்பதிப்பு 6.04 எனப் பெயர்பெறாது 6.06 எனப் பெயர்பெற்றது. அப்பெயரே தாமதத்திற்கு நிலைத்த சான்றாய் நிற்கின்றது. அத்தாமதத்தை எவரும் இன்று குறைகூறுவதில்லை.

டெபியன் என்னும் மற்றோர் இயங்குதளம் இரண்டாங் கொள்கையைப் பெரிதும் தழுவுவது. அதன் நிரல்கள் நிலையாதவை, சோதனைக்குரியவை, நிலைத்தவை என மூன்று படிகளில் நிற்கும். கீழ்ப்படியில் நுழையும் நிரல் குறித்த நாள்கள் பெருங்குறையின்றி நின்றால் நடுப்படிக்கு ஏறும். நடுப்படி முழுவதும் உறைந்து செப்பமுற்ற பின் அதுவே நிலைத்த பதிப்பாகும்.

இவ்விரு கொள்கைகளுள் ஒன்று சரி, மற்றது பிழை என்று துணிதல் இயலாது. திருக்குறளிலே தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் முறையே வைக்கப்பட்டுள்ளன. செயலைத் தெரிதலும், வலிமையை அறிதலும், காலத்தை அறிதலும், இடத்தை அறிதலும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகின்றது. காலத்தை மட்டும் அறிந்து வலியையும் இடத்தையும் அறியாது வெளியிடுவோர் இடர்ப்படுவர்.

சோதனையின் வகைகள்

சோதனை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். விசுவமடுவிலுள்ள பாடசாலையொன்றுக்குத் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிந்து, சராசரி கணித்து, மாணவர் தேர்ச்சி அறிக்கையைத் தரும் மென்பொருளொன்று ஆக்கப்படுவதாகக் கொள்க.

முதலாவது, அலகுச் சோதனை. சராசரி காணும் சிறுபகுதி தனியே எடுத்து ஆராயப்படும். 45, 60, 75 என்னும் புள்ளிகளைக் கொடுத்து 60 என்னும் விடை வருகின்றதா என்று பார்த்தல் எளிது. ஆனாற் பிழைகள் நடுவில் வாழ்வதில்லை, எல்லையிலேயே வாழ்கின்றன. ஆகலின் 0, 100 என்னும் எல்லைகளையும், 101, குறை 1 என்னும் எல்லை கடந்தவற்றையும், ஒன்றும் எழுதாத வெற்றிடத்தையும் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். பரீட்சைக்கு வராத மாணவனுக்கும் பூச்சியம் பெற்ற மாணவனுக்கும் வேறுபாடு தெரியாத மென்பொருள், நோயுற்றுக் கிடந்த பிள்ளையைச் சித்தியடையாதவன் என்று எழுதிவிடும்.

இரண்டாவது, ஒருங்கிணைப்புச் சோதனை. தனித்தனியே செம்மையாய் இயங்கும் பகுதிகள் கூடியபோதும் செம்மையாய் இயங்குகின்றனவா என்பது இதன் ஆராய்ச்சி. துருசும் சரியாகவே அமைந்திருக்கலாம், வாய்க்காலும் சரியாகவே வெட்டப்பட்டிருக்கலாம். துருசின் வாயினும் வாய்க்காலின் மட்டம் உயர்ந்திருப்பின் வயலுக்கு நீர் பாயாது.

மூன்றாவது, முழுமைச் சோதனை. தவணையின் இறுதி நாளிலே ஆசிரியர் அனைவரும் ஒரே வேளையிற் புள்ளிகளைப் பதிந்தால் அது தாங்குமா என்பது வலியறிதல். பழைய கைத்தொலைபேசியிலும், அலைவரிசை மெலிந்த இடத்திலும், இடையில் மின்சாரம் தடைப்பட்ட போதும் அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது இடனறிதல்.

நான்காவது, ஏற்புச் சோதனை. பயன்படுத்தப் போகும் ஆசிரியரே அமர்ந்து தம் உண்மைப் பணியை அதிலே செய்துபார்த்தல். ஆக்கியோர் எண்ணியதும் ஆசிரியர் வேண்டியதும் வேறாயின் அஃது இந்நிலையிலேதான் வெளிப்படும்.

ஐந்தாவது, பின்னடைவுச் சோதனை. ஒரு குறையைத் திருத்துங்கால் முன்பு சரியாயிருந்த வேறொன்று கெடுதல் மென்பொருளில் மிக இயல்பு. ஆதலின் ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் முன்னைய சோதனைகள் அனைத்தையும் மீள நடத்துவர். மனிதர் சலிப்புறுவராதலின் இப்பணி பெரும்பாலும் கணினியிடமே விடப்படுகின்றது.

இத்துணையுஞ் செய்தபின்னரும் குறையே இல்லையென்று துணிந்துரைத்தல் ஒல்லாது. சோதனை குறையின் இருப்பைக் காட்டவல்லது. இன்மையைக் காட்டவல்லதன்று என்பது நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ரா வலியுறுத்திய கருத்து. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கிய டொனால்ட் நூத் என்னும் பேரறிஞர், பிழை கண்டு சொல்வார்க்குப் பணப்பரிசளிக்கும் வழக்கத்தை மேற்கொண்டதோடு, அதன் பதிப்பெண் வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்திற்குமுள்ள விகிதத்தை ஒவ்வோர் இலக்கமாக அணுகிச் செல்லுமாறு அமைத்தார். 2021 இல் அவ்வெண் 3.141592653 ஆயிற்று. முழுமையை அணுகலாம், அடைதல் அரிது என்பதை அவ்வெண்ணே உணர்த்தி நிற்கின்றது.

வழுவும் வழுவமைதியும்

மென்பொருளில் உள்ள பிழையைத் தமிழ்க் கணினியாளர் வழு என்னும் சொல்லால் வழங்குகின்றனர். இச்சொல்லாட்சி மிகப் பொருத்தமானது. தமிழிலக்கணம் சொல்லின் நிலையை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக வகுக்கின்றது. விதிப்படி நிற்பது வழாநிலை. விதி பிறழ்ந்தது வழு. பிறழ்ந்ததாயினும் ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது வழுவமைதி.

வெளியீட்டுக்கு முந்திய நாள்களில் மென்பொருளாக்கும் குழுவினர் செய்வதும் இப்பாகுபாடே. தரவை அழிப்பது, உயிருக்கோ பொருளுக்கோ ஊறு செய்வது, பிறர் மறைவுகளை வெளியிடுவது போன்ற வழுக்கள் நீங்கினாலன்றி வெளியீடு நிகழலாகாது. அரிதாகத் தோன்றும் சிறு குறையோ, வெளியீட்டுக் குறிப்பில் அறிவிக்கப்பட்டு அமைத்துக்கொள்ளப்படும். சில முறைப்பாடுகள் ஆராய்ந்தவிடத்து வழாநிலையே என்று தெளியப்படும். குமரகோட்டத்துத் தடை அவ்வகையினது. ஆனால் ஒன்றை வழுவமைதி எனக் கொள்வதற்கு உரிய காரணம் எழுத்தில் நிற்றல் வேண்டும். காரணமின்றி அமைதி கூறுதல் இலக்கணத்திலும் இல்லை, பொறியியலிலும் இல்லை.

சோதனை தவறியவிடத்து

1996 யூன் 4 ஆந் திகதி தென்னமெரிக்காவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் ஏரியன் 5 உந்துகணை முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறத்தாழ நாற்பது விநாடிகளில் அது திசைமாறிச் சிதைந்தது; அதிலிருந்த நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. ஆராய்ந்த குழுவினர் கண்ட காரணம் வியப்புக்குரியது. முன்னைய உந்துகணையாகிய ஏரியன் 4 இற் செம்மையாய் இயங்கிய மென்பொருட் பகுதியொன்று மாற்றமின்றிப் புதியதில் அமைக்கப்பட்டிருந்தது. புதிய உந்துகணையின் வேகம் மிகுதியாதலின், அளவையொன்று அதற்கு ஒதுக்கப்பட்ட இடத்திற் கொள்ளாத பெரிய எண்ணாகிவிட்டது. புதிய பாதைக்குரிய அளவைகளைக் கொடுத்து அப்பகுதி வெள்ளோட்டம் பார்க்கப்படவில்லை. மேட்டுநிலத்தில் நன்கு விளைந்த விதையைப் பள்ளநிலத்திற் சோதியாது விதைத்தது போன்றதே இது.

2013 ஒக்டோபர் 1 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்க அரசு மருத்துவக் காப்புறுதிக்கான இணையத்தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. முதல் நாளிற் பதிவை முடித்தோர் அறுவர் மட்டுமே எனப் பின்னர் வெளியான ஆவணங்கள் காட்டின. பல ஒப்பந்ததாரர் ஆக்கிய பகுதிகளை ஒன்றுசேர்த்துத் தொடக்கம் முதல் முடிவு வரை சோதித்தல் இறுதி இரு வாரங்களிலேயே நிகழ்ந்தது என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அரசு குறித்த நாள் மாறவில்லை. சோதனைக்குரிய நாள்களே சுருங்கின.

2024 யூலை 19 ஆந் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்க்கு அனுப்பிய சிறிய தரவுக் கோப்பொன்று, ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது என மைக்கிரோசொப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகளும் வங்கிகளும் இடருற்றன. கோப்பில் இருபத்தொரு உறுப்புகள் எதிர்பார்க்கப்பட்டிருக்க, மென்பொருள் இருபதையே வழங்கியது. கோப்பைச் சரிபார்க்கும் கருவியிலும் வழு இருந்தமையால் அது தடுக்கப்படவில்லை. அக்கோப்பு ஒரே வேளையில் உலகெங்கும் சென்றது என்பதே பெருங்கேட்டிற்கு ஏதுவாயிற்று. முதலில் நூற்றுக்கொருவர்க்கு அனுப்பி, தீங்கில்லையெனக் கண்டபின் பத்துப்பேர்க்கும், அதன்பின் அனைவர்க்கும் அனுப்பும் படிமுறை வெளியீடு கைக்கொள்ளப்பட்டிருப்பின் இழப்பு மிகச் சுருங்கியிருக்கும். நிறைந்த குளத்தின் கதவுகள் யாவற்றையும் ஒருங்கே திறப்போர் இல்லை.

இம்மூன்றிலும் பிழை வெவ்வேறாயினும் பாடம் ஒன்றே. முன்பு இயங்கியது என்பது சோதனையாகாது. பகுதி இயங்குகின்றது என்பது முழுமையின் சோதனையாகாது. சிறிய மாற்றம் என்பது சோதனையினின்று விலக்காகாது.

தமிழும் சோதனையும்

இனி, இப்பொருள் தமிழ் எழுதுவோரை அணுகித் தொடுமிடம் ஒன்றுண்டு. 2018 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனத்தின் கைத்தொலைபேசிகளில் தெலுங்கு எழுத்துக் கோவையொன்று தோன்றிய அளவிலே, அதனைக் காட்டிய செயலிகள் நிலைகுலைந்தன. அக்கோவை தெலுங்கர் ஞானம் என்னும் சொல்லைத் தொடங்க எழுதும் கூட்டெழுத்து. அவ்வழு அப்போது பீற்றாச் சோதனையிலிருந்த அடுத்த பதிப்பில் நீங்கியிருந்தது. ஆனாற் பொதுமக்கள் கையிலிருந்த பதிப்பில் நீங்கவில்லை. பிப்ரவரி 19 ஆந் திகதி திருத்தப்பதிப்பு வெளிவந்த பின்னரே இடர் தீர்ந்தது. கோடிக்கணக்கானோர் எழுதும் மொழியொன்றின் இயல்பான கூட்டெழுத்து, வெளியீட்டுக்கு முந்திய சோதனைகள் யாவற்றையும் கடந்து சென்றது எங்ஙனம் என்பது சிந்திக்கத்தக்கது.

தமிழுக்கும் இவ்வகை இடர்கள் உள. விசுவமடு என்னும் பெயரை எழுதிப் பார்ப்போர் கண்ணுக்கு அதில் ஐந்து எழுத்துகள் உள்ளன. யுனிகோட் குறியீட்டு முறையிலோ உயிர்க்குறிகள் தனியே எண்ணப்படுதலின் அஃது எட்டாகின்றது. பெயருக்கு இத்துணை எழுத்தே இடம் என்று வரையறுக்கும் படிவம், ஆங்கிலத்தில் அடங்கும் பெயரைத் தமிழில் நடுவே வெட்டிவிடும். சிலபோது மெய்யை வைத்து உயிர்க்குறியைத் துணிக்கும். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 குறிகள் இடம்பெற, தமிழுக்கு 70 குறிகளே இடம்பெறுகின்றன.

அகரவரிசையிலும் வழு நேரும். யுனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது மெய்களின் ஈற்றில் நிற்பது. ஆகலின் அட்டவணையின் எண்முறையையே வரிசையாகக் கொள்ளும் மென்பொருள், கனகா என்னும் பெயரைக் கமலா என்னும் பெயருக்கு முன் வைக்கும். வகுப்பு இடாப்பைத் தமிழ் வரிசையில் எழுதிப் பழகிய ஆசிரியர் இதனை ஒரு நொடியிற் காண்பார். தமிழறியாத சோதனையாளரோ ஆண்டு முழுதும் நோக்கினும் காணார்.

சில பிழைகள் காலங்கடந்தபின் முற்றாகத் திருத்தவும் இயலாதவை. 1991 இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் ஶ என்னும் கிரந்த எழுத்து 2005 இலேயே சேர்க்கப்பட்டது. இடையிலிருந்த பதினான்கு ஆண்டுகளில் ஸ்ரீ என்னும் எழுத்தை ஸகரத்தைக் கொண்டே எழுதினர். பின்னர் ஶகரத்தைக் கொண்டும் எழுதலாயினர். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்; தேடுங்கால் மட்டும் கணினி ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கும். ஒருமுறை இடம்பெற்ற குறியீட்டை நீக்குவதில்லை, இடமாற்றுவதில்லை என்னும் உறுதி 1996 இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் அம்முறையிற் பேணப்படுகின்றது. பழைய எழுத்துகள் என்றும் படிக்கத்தக்கனவாய் இருத்தற்கு அவ்வுறுதி இன்றியமையாதது. ஆயின் அதன் மறுபக்கம், வெளியீட்டுக்கு முன் சொல்லாத குறை வெளியீட்டுக்குப் பின் நிலைத்துவிடும் என்பதாகும். இதனாலன்றோ யுனிகோட் நிறுவனத்தார் ஒவ்வொரு புதிய பதிப்பையும் பீற்றா நிலையிற் பொதுமக்கள் ஆராய்வுக்கு முன்வைக்கின்றனர்!

சோதிப்போர் கடமை

ஆகவே பீற்றாச் சோதனையில் ஒரு மொழியினர் பங்குகொள்ளாவிடின், அம்மொழியில் எழும் வழுக்கள் முதன்முதலாக வெளிப்படும் இடம் அம்மொழியினரின் அன்றாட வாழ்வேயாகும். அலுவலகப் படிவத்தில் வெட்டுண்ட பெயர், வரிசை மாறிய இடாப்பு, தேடியும் கிடையாத பதிவு என்பன சிறியனவாய்த் தோன்றினும், 2009 இல் முடிவுற்ற போரினால் இடம்பெயர்ந்து, ஆவணங்களை இழந்து, மீளக் குடியேறிய வன்னி மக்களுக்கு ஒரு பெயரின் ஓரெழுத்துப் பிழை எத்துணை அலைச்சலைத் தரும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பீற்றாச் சோதனையிற் பங்குகொள்வதற்குப் பெருங்கூடமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. உபுண்டு, பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் சோதனைப் பதிப்புகள் எவரும் இலவசமாகப் பெறத்தக்கன. அவற்றிற்கு வேண்டுவது முறையாகக் குறையுரைக்கும் பயிற்சியே. இயங்கவில்லை என்று மட்டும் எழுதும் முறைப்பாடு ஆக்கியோர்க்குப் பயன்தராது. எந்தப் பதிப்பில், எந்தக் கருவியில், எந்தச் செயல்களை எந்த ஒழுங்கிற் செய்தபோது, யாது எதிர்பார்க்கப்பட்டது, யாது நிகழ்ந்தது என ஐந்தினையும் தெளிவுற உரைத்தல் வேண்டும். பிறனொருவன் அதே வழியைப் பின்பற்றி அதே குறையைக் காண இயலுமாயின் அம்முறைப்பாடு நிறைவுடையது. விஞ்ஞானகூடத்திற் பரிசோதனைக் குறிப்பெழுதும் மாணவர்க்கு இம்முறை புதியதன்று.

சோதனைப் பதிப்பைக் கையாள்வோர் கருதவேண்டிய எச்சரிக்கையும் உண்டு. அஃது உழவர் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் புதிய விதையை இடுதல் போன்றது. பாடசாலையின் ஒரே கணினியிலோ, பரீட்சைப் பதிவுகள் உள்ள கணினியிலோ சோதனைப் பதிப்பை ஏற்றுதல் கூடாது. வேறொரு கணினியில், படியெடுத்த தரவுகளைக் கொண்டே சோதித்தல் வேண்டும். முன்னைய பதிப்புக்கு மீளும் வழியும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.

மென்பொருள் நூலினின்று வேறுபடும் இடம் ஒன்றுளது. அரங்கேறிய நூல் அவ்வண்ணமே நிற்கும். மென்பொருளோ ஆண்டுதோறும், மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டு மீள மீள வெளிவரும். பயர்பொக்ஸ் உலாவி 2011 முதல் ஆறு வாரத்திற்கு ஒருமுறையும், 2020 முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறையும் வெளிவரும் ஒழுங்கை மேற்கொண்டது. எனவே ஒருநாள் கூடிக் கலையும் அவை இதற்குப் போதாது; இடையறாது விழித்திருக்கும் அவை வேண்டும். அவ்வவையிலே தமிழறிந்தார் சிலரேனும் அமர்ந்திருப்பின், கனகாவும் கமலாவும் தத்தமக்குரிய இடத்தில் நிற்பர். விசுவமடு என்னும் பெயரும் எழுத்துக் குறையாமல் எழுதப்படும்.